‘இனி ஷாம்புவே வேண்டாம்’ பொடி: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தலைக்குக் குளிக்க ஒரு பொடி, அலச ஒரு திரவம். இரண்டையும் சேர்த்து ‘இனி ஷாம்புவே வேண்டாம்’ என்று இணையத்தில் விற்கிறார்கள். முழுத் தொகையையும் முன்பே வாங்கிக்கொள்கிறார்கள். நானும் வாங்கினேன். பணமும் போனது, முடியும் பாழானது.

டப்பாவில் ‘இயற்கைக் கனிமம்’ என்பதைத் தவிர உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. முதலில் தலை சுத்தமாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. அப்புறம் முடி நாராகிவிட்டது. சீப்பு பாதியிலேயே மாட்டிக்கொள்ளும். சிக்கெடுத்தால் முடி வேரோடு வரவில்லை, நடுவில் அறுந்து துண்டு துண்டாக வந்தது. காதுக்குப் பின்னால் தோல் சிவந்து எரிய ஆரம்பித்தது.

படம் எடுத்து அனுப்பினேன். ‘ஷாம்புவின் நச்சு வெளியேறுகிறது, இது பழகும் காலம், விடாமல் தொடருங்கள்’ என்று பதில். எத்தனை நாள் என்று கேட்டால், ‘ஆளுக்கு ஆள் மாறும்’. நல்ல ஏற்பாடுதான்: முடி நன்றாக இருந்தால் பொடியின் பெருமை, கெட்டுப்போனால் பழைய ஷாம்புவின் குற்றம்.

சந்தேகம் வந்து, ஒரு சிட்டிகைப் பொடியில் அவர்கள் கொடுத்த திரவத்தையே ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. திரவத்தில் அப்பட்டமான வினிகர் வாடை. பொடியைத் தண்ணீரில் கரைத்து, அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் காகிதத்தை நனைத்தால் 8-ஐத் தாண்டியது. 7-க்கு மேல் போனாலே காரம். வாசனை சேர்த்த சமையல் சோடா, அவ்வளவுதான் என்று முடிவுக்கு வந்தேன்.

தலைத்தோலின் பிஎச் சுமார் 5.5. முடித்தண்டு அதைவிடவும் அமிலத்தன்மை கொண்டது. பிஎச்சில் ஒரு எண் வித்தியாசம் என்றாலே அமிலத்தன்மையில் பத்து மடங்கு வித்தியாசம் என்று பொருள். கார நீரில் முடி ஊறி உப்பும், மேலே அடுக்கடுக்காக இருக்கும் செதில்கள் தூக்கிக்கொள்ளும், ஒன்றோடொன்று உரசிச் சிக்காகி அறும். பிறகு வினிகர் ஊற்றினால் செதில்கள் ஓரளவு படியுமே தவிர, உடைந்தது ஒட்டாது. முடித்தண்டில் உயிர் கிடையாது, தானாக ஆற வழியில்லை.

‘ஷாம்புவை விட்டால் தலையே எண்ணெயைக் குறைத்துக்கொள்ளும்’ என்கிறார்களே, அதுவும் நம்பும்படியாக இல்லை. தலையில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளை நடத்துவது முக்கியமாக ஹார்மோன்கள். எதைப் போட்டுக் குளிக்கிறோம் என்று அவை பார்ப்பதில்லை. பொடுகு உள்ளவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா பூஞ்சைக்கு அந்த எண்ணெய்தான் தீனி.

அதற்காக ஷாம்பு இல்லாமல் முடியவே முடியாது என்று சொல்லவில்லை. வறண்ட, சுருட்டை முடிக்காரர்கள் பலர் தண்ணீரிலோ கண்டிஷனரிலோ மட்டும் அலசி நன்றாகத்தான் இருக்கிறார்கள். தூசும் வியர்வையும் தண்ணீரிலேயே போய்விடும், எண்ணெய்ப் பசைதான் முழுதாகப் போகாது. எண்ணெய் வழியும் தலை என்றால் கஷ்டம். எப்படியானாலும் இந்த டப்பா தேவையில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்றார்கள். பிரிக்காமல் எப்படித் தலையில் போடுவது? நான் எழுதிய விமர்சனத்தையும் நீக்கிவிட்டார்கள். விளம்பரத்தையும் உரையாடலையும் படம்பிடித்து வைத்திருந்ததால், பணம் செலுத்தப் பயன்படுத்திய அட்டையின் நிறுவனத்திடம் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் விசாரணையில் இருக்கிறது. இதற்குள் அதே குப்பி, அதே மூடி, புதுப் பெயரில் விளம்பரம் வர ஆரம்பித்துவிட்டது. இப்போது அதற்கு ‘தலைத்தோல் டீடாக்ஸ்’ என்று பெயர்.