பனியன் துணிக்கு நானோ சிங்க் ஆக்சைடு ஃபினிஷ்: எந்தத் துணியில் நிற்கும், எதில் காசு கரையும்

வெள்ளை காட்டன் டீ-ஷர்ட்டின் யூபிஎஃப் (துணி புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அளவு) சுமார் 7. தோலைச் சுடும் புற ஊதாக் கதிரில் ஏழில் ஒரு பங்கு உள்ளே போய்விடுகிறது என்று அர்த்தம். வேர்வையில் நனைந்தால் அது 3 வரை இறங்கும். யூபிஎஃப் 50 என்றால் உள்ளே போவது 2 சதவீதம்தான். இந்த இடைவெளியை ஒரே ஃபினிஷிங்கில் தாண்டிவிடலாம் என்று சொல்லித்தான் நானோ சிங்க் ஆக்சைடு கரைசலை விற்கிறார்கள். கெட்டிப் பாலைப் போலக் கேனில் வரும். சரியான துணியில், சரியாக ஏற்றினால், சொன்னதைச் செய்கிற சரக்குதான். தவறான துணியில் எவ்வளவு ஊற்றினாலும் எண் ஏறாது.

காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். 365 நானோமீட்டர் யுவி டார்ச் ஒன்றும், சாதாரண ஜெராக்ஸ் பேப்பரும் போதும். பேப்பரில் ஆப்டிகல் பிரைட்னர் இருப்பதால் யுவி பட்டால் நீலமாக ஒளிரும். பிரைட்னர் ஏற்றாத துணியைப் பேப்பர் மேல் விரித்து, இருட்டறையில் மேலிருந்து டார்ச் அடியுங்கள். ஃபினிஷ் ஏற்றாத துணியில் அடிப்பேப்பர் முழுக்க மங்கலாக ஒளிரும். ஏற்றிய துணியில் நூல் படிந்த இடமெல்லாம் இருண்டுவிடும், ஆனால் ஒவ்வொரு லூப்பின் நடுவிலும் ஊசி முனை அளவு நீலப் புள்ளி அப்படியே நிற்கும். பூச்சு நூலின் மேல்தான் உட்காருகிறது. துளையை அது அடைக்காது.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். துணிப் பரப்பில் துளை 3 சதவீதம், நூல் விடும் கதிர் 15 சதவீதம் என்று வையுங்கள். மொத்தம் 17.5 சதவீதம் உள்ளே போகும், யூபிஎஃப் 6-ஐ ஒட்டி நிற்கும். ஃபினிஷ் நூலின் பங்கை 1.2 சதவீதமாகக் குறைத்தாலும் துளை அப்படியே இருப்பதால் 24-ஐத் தாண்டாது. அதே ஃபினிஷ், துளை 0.5 சதவீதமாக இருக்கும் நெருக்கமான துணியில் 59 தரும். ஆகவே முதல் செலவு நிட்டிங்கில் இருக்கட்டும். லூப் லெங்த்தை (ஒரு லூப்புக்குப் போகும் நூலின் நீளம்) குறைத்து, காம்பாக்டிங்கை (துணியை நெருக்கிச் சுருக்குவது) ஒழுங்காகச் செய்த பிறகுதான் கேனைத் திறக்க வேண்டும். லைக்ரா கலந்த துணி உடம்பில் இழுபடும்போது துளையும் விரியும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

டைட்டானியம் டை ஆக்சைடு கரைசலும் இதே வேலைக்கு வருகிறது. காட்டனுக்கு நாங்கள் சிங்க் பக்கம்தான். டைட்டானியத்தில் அனடேஸ் வகை வெயில் பட்டால் ஒளி வினையூக்கியாக வேலை செய்து சாயத்தையும் செல்லுலோஸையும் சேர்த்து அரிக்கும். ரூட்டைல் வகையில், அதுவும் சிலிக்கா உறை போட்டதில், இந்தத் தொல்லை குறைவு. சிங்க் ஆக்சைடுக்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டு, அதனால் சாயம் போட்ட துணியில் ஒளி உறுதிச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. தூளாக விற்பதை வாங்கவே வேண்டாம். பட்டறையில் கலக்கினால் நானோ அளவுக்குப் பிரியாது, கட்டி கட்டியாகவே நிற்கும். மூச்சில் போகும் தூசி வேறு.

அளவுக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 20 சதவீதக் கரைசலை லிட்டருக்கு 30 கிராம் போட்டு, 80 சதவீத பிக்-அப்பில் (துணி எடையில் அது உறிஞ்சும் கலவையின் பங்கு) பேடிங் செய்தால் (கலவையில் தோய்த்து உருளைகளுக்கு நடுவில் பிழிந்தால்), ஒரு கிலோ துணியில் ஏறுவது 4.8 கிராம் சிங்க் ஆக்சைடு. துணி எடையில் அரை சதவீதம்கூட இல்லை. ஒரு சதவீதம் வேண்டுமென்றால் லிட்டருக்கு 62.5 கிராம் போட வேண்டும். பிக்-அப்பை நம்பிக்கையில் விடாமல், ஒரு மீட்டர் துணியைப் பேடிங்குக்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள்.

அடுத்து பிஎச். சிங்க் ஆக்சைடு அமிலத்திலும் கரையும், கடும் காரத்திலும் கரையும். சாயம் போட்ட பிறகு அசிட்டிக் ஆசிட்டில் நியூட்ரல் செய்த துணியைச் சரியாக அலசாமல் அப்படியே பேடருக்கு அனுப்பினால், துகள் சிங்க் அசிடேட்டாகக் கரைந்து முதல் சலவையிலேயே போய்விடும். துணியின் பிஎச் 7-ஐ ஒட்டி இருக்கட்டும், பாத்தை (துணியைத் தோய்க்கும் கலவை) 7 முதல் 8-க்குள் வையுங்கள். தண்ணீர் கண்டிப்பாக ஆர்ஓ தண்ணீராக இருக்க வேண்டும், போர் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் கரைசலைத் திரிய வைக்கும். பெரும்பாலான கரைசல்கள் ஆனயானிக் (எதிர் மின்னூட்டம் உள்ளவை), அவற்றோடு கேட்டயானிக் (நேர் மின்னூட்டம் உள்ள) சாஃப்ட்னரை ஒரே பாத்தில் ஊற்றினால் தயிர் மாதிரி ஆகிவிடும். பாத் போடுவதற்கு முந்தின நாளே அதே தண்ணீர், அதே பைண்டர் (துகளைத் துணியில் ஒட்ட வைக்கும் பிசின்), அதே சாஃப்ட்னரை 100 மில்லி சிலிண்டரில் கலந்து இரவு முழுக்க வைத்து, அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பார்த்துவிடலாம்.

உண்மையில் வேலை கெடும் இடம் ஸ்டென்டர் (துணியை விரித்துச் சூடான காற்றில் ஓட்டும் இயந்திரம்). அக்ரிலிக் பைண்டர் குறுக்குப் பிணைப்பு போட 150 டிகிரியில் 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 3 மீட்டராக 4 சேம்பர் இருந்தால் மொத்தம் 12 மீட்டர். 3 நிமிடம் கிடைக்க நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகத்தில்தான் ஓட்ட முடியும். ஜாப் ஒர்க்கில் அந்த வேகத்துக்கு யார் ஒத்துக்கொள்வார்கள்? 15 மீட்டரில் ஓட்டினால் துணி உள்ளே இருப்பது 48 விநாடி, அதிலும் பாதி ஈரம் காயவே போய்விடும். வெளியே வரும் துணி பார்க்க நன்றாக இருக்கும், முதல் டெஸ்ட் ரிப்போர்ட்டும் 50+ காட்டும். பத்து சலவையில் பூச்சு பைண்டரோடு கழன்றுவிடும். முதல் முறை காய வைத்து, இரண்டாம் முறை க்யூரிங் (வெப்பத்தில் பைண்டரை இறுக வைப்பது) மட்டும் என்று பிரித்து ஓட்டுவதற்கான கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவசரத்தில் வெப்பத்தை ஏற்றினால் வெள்ளைத் துணி மஞ்சளடிக்கும்.

க்யூரிங் சரியா என்று பார்க்க ஒரு கைச்சோதனை: கறுப்புத் துணியில் ஏற்றிய சாம்பிளைக் குறுக்கே நன்றாக இழுத்து விட்டு, கட்டை விரலால் அழுத்தித் தேயுங்கள். விரலில் மாவு மாதிரி வெள்ளை ஒட்டினால் துகள் கட்டியாகியிருக்கிறது, அல்லது பைண்டர் பிடிக்கவில்லை.

லேபிள் விஷயத்தில் கறாராக இருங்கள். ஆஸ்திரேலியா - நியூசிலாந்து தரம் 4399 முதலில் 1996-இல் வந்தது. அதில் 50+ தான் உச்சம், 'யூபிஎஃப் 100' என்று அச்சடிக்க இடமில்லை. ஐரோப்பாவின் இஎன் 13758 யூபிஎஃப் 40-க்கு மேல் கேட்பதோடு, யுவிஏ (நீண்ட அலை புற ஊதாக் கதிர்) சராசரியாக 5 சதவீதத்துக்கும் குறைவாகவே ஊடுருவ வேண்டும் என்கிறது. சிங்க் ஆக்சைடு உறிஞ்சுவது சுமார் 375 நானோமீட்டர் வரைதான், யுவிஏ 400 வரை நீள்கிறது. ஆகவே யூபிஎஃப் தேறிய துணி யுவிஏ-வில் தோற்க வாய்ப்புண்டு. அமெரிக்காவுக்கு என்றால் ஏஎஸ்டிஎம் டி6544 படி 40 சலவையும் ஒளிச் சோதனையும் முடிந்த துணியில் அளந்த எண் வேண்டும். கெமிக்கல் விற்பவர் காட்டும் ரிப்போர்ட் அவருடைய துணிக்கானது, உங்கள் துணிக்கானது அல்ல.

வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்கான வெளிர் நிற, நெருக்கமான, முழுக்கை காட்டன் துணிக்கு இந்த ஃபினிஷ் தாராளமாகப் பரிந்துரைக்கத் தக்கது. அடர்நீலம், கறுப்பு, கனமான இன்டர்லாக் (இரட்டைப் பின்னல் துணி) ஆகியவற்றில் சாயமும் நெருக்கமுமே பெரும்பாலும் வேலையை முடித்துவிடும். நீச்சல் உடைக்குப் பாலியெஸ்டர் போதும், அதன் பென்சீன் வளையமே யுவிபி-யின் (குறுகிய அலை புற ஊதாக் கதிர்) பெரும்பகுதியைத் தடுக்கும். கை உணர்வு கெடாமல் நீண்ட நாள் சலவை தாங்க வேண்டுமென்றால், செல்லுலோஸோடு வினைபுரியும் கரிம யுவி உறிஞ்சிகளைச் சாயத்தோடே ஏற்றும் வழியையும் விசாரியுங்கள், அதற்குப் பைண்டர் தேவையில்லை.

கேர் லேபிளில் வினிகர் போட்டு அலச வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பட்டறையில் மிஞ்சும் பாத்தை வாய்க்காலில் விடவே கூடாது. சிங்க் ஆக்சைடு நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு, ஆற்றில் விடும் கழிவுநீரில் துத்தநாகத்துக்கு (சிங்க்) இந்தியாவில் வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். 62.5 கிராம் கரைசல் போட்ட பாத்தில் ஒரு லிட்டருக்கு சிங்க் ஆக்சைடு மட்டும் 12,500 மில்லிகிராம் இருக்கும். சின்ன ட்ரஃப் (பாத் ஊற்றும் தொட்டி) வைத்து, லாட்டுக்குத் தேவையான அளவு மட்டும் கலந்து, மிச்சத்தை அடுத்த லாட்டுக்கு எடுத்து வைப்பதுதான் முறை.