ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்கும் முன் நகலைத் திறந்து பாருங்கள்

சென்னை ரிச்சி தெருவில் மடிக்கணினி பழுதுபார்க்கும் ஒரு கடையில் எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அந்தத் தெருவில் நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் பலர் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் பதிப்பகங்களுக்கு நூல்களைப் பக்கமைத்துக் கொடுப்பவள். ஆறு ஆண்டு உழைப்பு முழுவதும், சி டிரைவில் நேரடியாக உருவாக்கி ‘வேலை’ என்று பெயரிட்ட ஒரே ஃபோல்டரில் இருந்தது; எளிதில் திறப்பதற்காக, அது இருக்கும் இடத்தை மட்டும் சுட்டும் ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பில் வைத்திருந்தேன். ஒருநாள் அப்டேட் ஒன்று முடிந்த பிறகு விண்டோஸ் தொடங்காமல் நீலத்திரையிலேயே நின்றுவிட்டது.

கடையில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, டிரைவில் உள்ளதை அழித்து ஃபார்மேட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். அதற்கு 1,200 ரூபாய், ஃபைல்களை நகலெடுத்துத் தர மேலும் 500 ரூபாய். “எல்லாத்தையும் பேக்கப் எடுத்துருவோம் மேடம், கவலைப்படாதீங்க” என்று பணியாளர் சொன்னார். எந்த ஃபோல்டர்களை எடுக்க வேண்டும், அவை எங்கே இருக்கின்றன என்று ஒரு கேள்விகூட கேட்கவில்லை. மாலையில் கொடுத்த பென் டிரைவை அங்கேயே செருகிக் காட்டினார்கள். ‘வேலை’ என்ற பெயரும் மஞ்சள் ஃபோல்டர் படமும் தெரிந்ததால் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் அதைச் சொடுக்கியபோது, அந்த ஃபோல்டர் இருந்த இடத்தைக் காணவில்லை என்ற அறிவிப்புதான் வந்தது. உற்றுப் பார்த்தால் படத்தின் இடது கீழ்மூலையில், ஷார்ட்கட்டின் அடையாளமான வளைந்த சிறு அம்புக்குறி இருந்தது. அளவு 2 கேபி. டெஸ்க்டாப்பையும் டாகுமென்ட்ஸையும் மட்டும் நகலெடுத்துவிட்டு, ஷார்ட்கட்டையே ஃபோல்டர் என்று என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அதைத் தவறு என்றே ஏற்றுக்கொண்டிருப்பேன். அடுத்து நடந்ததைத்தான் மோசடி என்கிறேன். மறுநாள் போய்க் கேட்டபோது, ‘டேட்டா ரெக்கவரி’ செய்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று உறுதியளித்து 8,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். என் கணினியில் இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சேமிப்பு டிரைவ். அதை ஃபார்மேட் செய்யும்போதே, இந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் டிரைவுக்குத் தெரிவித்துவிடும். ட்ரிம் எனப்படும் அந்த ஆணை போன பிறகு பழைய ஃபைல்களை மென்பொருள் கொண்டு மீட்பது ஏறக்குறைய இயலாத காரியம். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்காக இருந்தால், மேலே வேறெதுவும் எழுதப்படாத பகுதிகளிலிருந்து ஓரளவு மீட்டிருக்கலாம். இந்த வேறுபாடு நாள்தோறும் இந்தத் தொழிலைச் செய்பவர்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. நான்கு நாள் கழித்து, “ஆயிரக்கணக்கில் படங்கள் மீண்டுவிட்டன” என்று ஒரு ஃபோல்டரைக் கொடுத்தார்கள். அதில் முதலில் திறந்தது விண்டோஸ் 11 உடன் வரும் நீலப்பூப் போன்ற திரைப் பின்னணிப் படம். மற்றவையும் அவர்களே புதிதாக நிறுவிய விண்டோஸின் ஐகான்களும் படங்களும்தான். என்னுடையது ஒன்றுகூட இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்டபோது, ‘தரவு இழப்புக்குக் கடை பொறுப்பல்ல’ என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள்.

பிறகு விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் சொன்னதுதான் இன்னும் வலிக்கிறது. விண்டோஸ் தொடங்காததால் ஃபைல்கள் அழிந்துவிடுவதில்லை. உபுண்டு என்ற வேறோர் இயங்குதளம் நிறுவிய பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கியோ, எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி உறையில் இட்டு வேறொரு கணினியில் செருகியோ முழு ஃபோல்டரையும் அன்றே எடுத்திருக்கலாம். விண்டோஸின் மறைகுறியாக்க வசதியான பிட்லாக்கரால் டிரைவ் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால் அதை அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

தானியங்கி பேக்கப் இருக்கிறதே என்று இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் பேக்கப் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற குறிப்பிட்ட ஃபோல்டர்களைத்தான் எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் உள்ள ஃபைல் ஹிஸ்டரி என்ற பேக்கப் வசதியும் வழக்கமான ஃபோல்டர்களோடு நின்றுவிடும். என்னைப் போல சி டிரைவில் தனியாக ஃபோல்டர் வைத்திருந்தால் அதற்கு நாமே தனியாக வழி செய்ய வேண்டும். நான் இப்போது இரண்டு வெளி ஹார்ட் டிஸ்குகளில் நகல் வைக்கிறேன்; ஒன்று என் அக்கா வீட்டில் இருக்கிறது. வாரம் ஒருமுறை நகலிலிருந்து ஏதேனும் ஒரு நூலின் ஃபைலை வேறு கணினியில் திறந்து, கடைசிப் பக்கம் வரை பார்த்துவிடுகிறேன்.

பழுதுக்குக் கொடுப்பவர்கள், எந்தெந்த ஃபோல்டர்கள், மொத்தம் எத்தனை ஜிபி என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நகல் உங்கள் கைக்கு வந்து, நீங்கள் திறந்து பார்த்த பிறகே ஃபார்மேட்டுக்குச் சம்மதியுங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நான் 1915இல் பதிந்திருக்கிறேன். கடையிலிருந்து இதுவரை பதில் இல்லை.

அச்சுக்குப் போன நூல்களின் பிடிஎஃப்கள் பழைய மின்னஞ்சல்களில் கிடைத்தன. முடிவடையாமல் இருந்த மூன்று நூல்களுக்கு அதுவும் இல்லை. அவற்றில் ஒரு நாவலை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் அமைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு 112ஆம் பக்கம் வந்தது.