வாடகை சர்வரா, சர்வர்லெஸ்ஸா, சொந்தப் பெட்டியா: பில்லை முன்னாடி வச்சு ஒரு அலசல்

சைட்டையோ ஆப்போட பின்பக்கத்தையோ எதுல ஓட்டலாம்னு யாராவது கேட்டா நான் முதல்ல கேக்கறது ஒண்ணுதான், ராத்திரி மூணு மணிக்கு உங்க சைட்டுக்கு எத்தனை பேர் வர்றாங்க? உச்ச நேரத்துல எத்தனை பேர்? இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் பாதி பதில். மீதி பாதி, வெளிய போற டேட்டா எவ்ளோங்கறது. எந்த லாங்வேஜ், எந்த ஃப்ரேம்வொர்க், நிறைய சர்வர்ல ஆப்பை நிர்வகிக்கற குபெர்னெட்டிஸ் வேணுமா வேணாமாங்கற சண்டை எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஆட்டத்துல இருக்கறது மூணு. ஒண்ணு, மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கற விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு பெரிய பெட்டியோட ஒரு பங்கு, 2006ல அமேசான் ஈசி2 ஆரம்பிச்சு வச்ச வழி. ரெண்டாவது, கோடை மட்டும் குடுத்துட்டு ஓடின நேரத்துக்கு மட்டும் காசு கட்டற சர்வர்லெஸ், 2014 கடைசில அமேசான் லாம்டாவை அறிவிச்சதுல இருந்து பிரபலமானது. மூணாவது, நாமளே பெட்டி வாங்கி டேட்டா சென்டர்ல ரேக் இடம் பிடிச்சு வைக்கறது, இல்லனா முழு பெட்டியையும் மாச வாடகைக்கு எடுக்கறது.

பொத்தாம்பொதுவா பேசாம ஒரு ஏபிஐயை, அதாவது ஆப் கேக்கறதுக்கு டேட்டாவா பதில் அனுப்பற ப்ரோக்ராமை எடுத்துக்கலாம். ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 200 மில்லிசெகண்ட், 512 எம்பி மெமரி, அந்த 200ல முக்கால்வாசி நேரம் டேட்டாபேஸ் பதிலுக்காக சும்மா காத்துட்டு இருக்கு. நம்ம எழுதற ஏபிஐ பெரும்பாலும் இந்த ஜாதிதான். லாம்டால 10 லட்சம் ரிக்வெஸ்ட்டுக்கு 0.20 டாலர், ஒரு ஜிபி-செகண்டுக்கு (1 ஜிபி மெமரியை 1 செகண்ட் வச்சிருக்கறது) 0.0000166667 டாலர், இது அமேசானோட வட வர்ஜீனியா ரீஜியன், அதாவது அங்க இருக்கிற டேட்டா சென்டர் தொகுப்போட லிஸ்ட் விலை. அரை ஜிபி, 0.2 செகண்ட், அப்போ 10 லட்சத்துக்கு ஒரு லட்சம் ஜிபி-செகண்ட், 1.67 டாலர், ரிக்வெஸ்ட் காசையும் சேத்தா 1.87. பாக்க சுத்தமா இலவசம் மாதிரி இருக்கு, அதுவும் மாசம் முதல் 10 லட்சம் ரிக்வெஸ்ட்டும் 4 லட்சம் ஜிபி-செகண்டும் நெஜமாவே இலவசம், அதனால சின்ன ப்ராஜெக்ட்டுக்கு பில்லே வராது.

இப்போ அந்தப் பக்கம் பாருங்க. ஈசி2ல எம்5.லார்ஜ்னு ஒரு வகை, 2 விசிபியு (விர்ச்சுவல் சிபியு), 8 ஜிபி, மணிக்கு 0.096 டாலர், மாசம் 70 டாலர். ஒண்ணு செத்தா இன்னொண்ணு நிக்கணும்னு ரெண்டு எடுத்தா 140, முன்னாடி ரிக்வெஸ்ட்டை ரெண்டுக்கும் பிரிச்சு விடற ஒரு லோட் பேலன்சர் 16 சொச்சம், சுமாரா 156. மாசம் 8 கோடி ரிக்வெஸ்ட் தாண்டினா லாம்டா இதைவிட காஸ்ட்லி ஆயிடுது. செகண்டுக்கு சராசரியா முப்பத்திரண்டு ரிக்வெஸ்ட்தான், பெரிய நம்பர்லாம் இல்ல.

ஆனா இந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. லாம்டாவை வெளி உலகத்துக்குத் திறந்து விடணும்னா பல பேரு ஏபிஐ கேட்வேங்கற அமேசானோட வாசல் சேவையை முன்னாடி வைக்கறாங்க. அதுல ரெஸ்ட் ஏபிஐ வகை 10 லட்சத்துக்கு 3.50 டாலர், எளிமையான ஹெச்டிடிபி ஏபிஐ வகை 1 டாலர். கோடு ஓட 1.87, கதவைத் திறந்து விட 3.50! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்றது இதுக்காகவே எழுதின மாதிரி இருக்கு. ரெஸ்ட் வகைல போனா அந்த 8 கோடி எல்லை 3 கோடிக்கும் கீழ வந்துடும், அதாவது செகண்டுக்கு பதினொண்ணு. லாக் (ப்ரோக்ராம் எழுதி வைக்கற பதிவு) தனி, அதைச் சேமிக்கற க்ளவுட்வாட்ச்க்குள்ள போற ஒவ்வொரு ஜிபிக்கும் 0.50 டாலர், டீபக் லாக்கை அணைக்க மறந்த டீமுங்க இதுல கட்டற காசு சில சமயம் கம்ப்யூட்டையே தாண்டிடும்.

இன்னொண்ணு, இதை நிறைய பேரு கவனிக்கறதே இல்ல. சாதாரண லாம்டால ஒரு இன்ஸ்டன்ஸ் ஒரு நேரத்துல ஒரே ஒரு ரிக்வெஸ்ட்டைத்தான் கையில வச்சிருக்கும். டேட்டாபேஸ் பதில் வர்ற வரைக்கும் அது சும்மா உக்காந்திருக்கிற 150 மில்லிசெகண்டுக்கும் மீட்டர் ஓடும். விர்ச்சுவல் மெஷின்ல அதே 150 மில்லிசெகண்ட்ல அந்த ப்ராசஸ் இன்னும் நூறு ரிக்வெஸ்ட்டை மேய்ச்சுட்டு இருக்கும். அதனால உங்க வேலை சிபியுவை முறுக்கிப் பிழியற வேலையா இருந்தா, போட்டோ ரீசைஸ், பிடிஎஃப் உண்டாக்கறது, இந்த மாதிரி, சர்வர்லெஸ்ல நீங்க குடுக்கற காசுக்கு வேலை நடக்குது. காத்திருக்கிற வேலையா இருந்தா காத்திருக்கறதுக்கே காசு குடுக்கறீங்க. கூகுளோட சர்வர்லெஸ் சேவை க்ளவுட் ரன் இந்த இடத்துல புத்திசாலித்தனமா நடுவுல நிக்குது, ஒரே இன்ஸ்டன்ஸ் ஆயிரம் ரிக்வெஸ்ட் வரைக்கும் ஒரே நேரத்துல எடுக்கும்னு செட் பண்ணலாம், யாரும் வரலன்னா பூஜ்யத்துக்கும் இறங்கிக்கும். என்னைக் கேட்டா புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு லாம்டாவை விட இந்த மாடல்தான் கொஞ்சம் நியாயமானது.

காசை விடுங்க, ஸ்கேல் ஆகறதுல, அதாவது கூட்டம் கூடினா அதுக்கேத்த மாதிரி வளர்றதுல யாரு மேலன்னு பாத்தா சர்வர்லெஸ் ஜெயிக்கும்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். ஒரு தடவை எல்லா யூசருக்கும் ஒரே நேரத்துல மெயில் அனுப்பினோம், லிங்க்கை க்ளிக் பண்ணி மொத்தமா வந்து விழுந்தாங்க. செகண்டுக்கு 100 ரிக்வெஸ்ட், ஒவ்வொண்ணும் 0.2 செகண்ட், அப்போ ஒரே நேரத்துல உயிரோட இருக்கறது 20 ஃபங்ஷன்தான், நாங்க போட்ட கணக்கு அதுதான். ஆனா டேட்டாபேஸ்கிட்ட கேக்கற ஒரு க்வெரிக்கு இண்டெக்ஸ் (சட்டுன்னு தேட உதவற அட்டவணை) இல்ல. டேட்டாபேஸ் மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் 0.2 செகண்ட் 5 செகண்ட் ஆச்சு, 100ஐ 5ஆல பெருக்கினா 500 ஃபங்ஷன், ஒவ்வொண்ணும் ஒரு கனெக்ஷனைக் கேட்டுட்டு நிக்குது, எங்க டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், அதுல டீஃபால்ட்டா விடறது 100 கனெக்ஷன்தான், நாங்க அதை மாத்தவே இல்ல. லாக் முழுக்க 'சாரி, டூ மெனி க்ளையன்ட்ஸ் ஆல்ரெடி'. மரியாதையா சாரி வேற சொல்லுது. மொபைல் ஆப் ஃபெயில் ஆன ரிக்வெஸ்ட்டை எல்லாம் உடனே திரும்ப அனுப்ப, கூட்டம் இன்னும் பெருத்துச்சு. டிசைன் தப்பு முழுக்க எங்களோடது. கொஞ்ச கனெக்ஷனையே எல்லாருக்கும் பகிர்ந்து குடுக்கற கனெக்ஷன் பூலரை நடுவுல வச்சு, ஃபங்ஷன் எண்ணிக்கைக்கு ஒரு உச்சவரம்பு போட்டு, ரீட்ரைக்கு இடைவெளி குடுத்து, கடைசியா அந்த இண்டெக்ஸைப் போட்டோம். இண்டெக்ஸைப் போட்டதும் மத்த மூணும் தேவையே இல்லாத மாதிரி ஆயிடுச்சு, அது வேற கதை.

அதே கூட்டம் ரெண்டு விர்ச்சுவல் மெஷின் மேல விழுந்திருந்தா? ஒவ்வொண்ணும் 20 கனெக்ஷன் வச்ச பூலோட ஓடும், 40க்கு மேல டேட்டாபேஸை எட்டவே முடியாது, மீதி ரிக்வெஸ்ட் க்யூல நிக்கும், பாதி டைம் அவுட் ஆகும், சைட் மெதுவா நொண்டும், ஆனா டேட்டாபேஸ் பிழைச்சுக்கும். ஸ்கேல் ஆகாததே அங்க ஒரு பாதுகாப்பு. கூட்டத்தைப் பாத்து மெஷினைத் தானா கூட்டற ஆட்டோ ஸ்கேலிங் போட்டிருந்தா இந்தப் பாதுகாப்பும் போயிடும், ஆனா புது மெஷின் பூட் ஆகி, ஆப் எழுந்து, ஹெல்த் செக் பாஸ் ஆகறதுக்கு சில நிமிஷம் ஆகும், அதுக்குள்ள கூட்டமே கலைஞ்சுடும்.

விர்ச்சுவல் மெஷின்லயும் கண்ணி இல்லாம இல்ல. விலை கம்மின்னு டி3 வகையை எடுப்பாங்க, டி3.மீடியம்ல ஒவ்வொரு விசிபியுவுக்கும் 20 சதவீதம்தான் அடிப்படை, அதுக்கு மேல ஓடறது சும்மா இருந்தப்போ சேத்து வச்ச க்ரெடிட்ல, க்ரெடிட் தீந்தா அன்லிமிடெட் மோடுல கூடுதல் காசு ஓடும், டி3ல அந்த மோடுதான் டீஃபால்ட். நாள் முழுக்க பிஸியா இருக்கிற சர்வருக்கு இது ஒத்தே வராது. அதே நேரம் ஒரு வருஷமோ மூணு வருஷமோ கட்டறேன்னு சேவிங்ஸ் ப்ளான்ல ஒப்புக்கிட்டா 72 சதவீதம் வரைக்கும் குறையுது, ரெண்டே நிமிஷ நோட்டீஸ்ல புடுங்கிக்கிட்டாலும் பரவால்லைன்னா ஸ்பாட்ங்கற உபரி மெஷின்ல 90 சதவீதம் வரைக்கும். மூணு வருஷத்துக்கு உறுதியா கட்ட முடியும்னு தெரிஞ்சா அப்புறம் எதுக்கு வாடகைன்னு ஒரு கேள்வி வருமே, அங்கதான் சொந்தப் பெட்டி உள்ள நுழையுது.

அதுக்கு முன்னாடி வெளிய போற டேட்டா. இதை எந்தப் பக்கத்து சேல்ஸ் ஆளும் முதல் மீட்டிங்ல சொல்லமாட்டாரு. டேட்டா உள்ள வர காசு இல்ல, வெளிய போக அமேசான்ல மாசம் முதல் 100 ஜிபி தாண்டினதும் ஜிபிக்கு 0.09 டாலர். நம்ம ஏபிஐ 5 கோடி தடவை 20 கேபி பதில் அனுப்பினா 1 டிபி, 81 டாலர், சரி போகட்டும். அதே 5 கோடி தடவை 200 கேபி படம் அனுப்பினா 10 டிபி, 891 டாலர். ரெண்டு சர்வரும் லோட் பேலன்சரும் சேந்து 156, குழாய்க்கு மட்டும் 891! இந்த நிலைமைல லாம்டாவா ஈசி2வான்னு மணிக்கணக்கா விவாதம் பண்றது வீண். படத்தை அமேசானோட ஃபைல் ஸ்டோரேஜ் எஸ்3ல வச்சு முன்னாடி அவங்க சிடிஎன் (யூசருக்குப் பக்கத்துல காப்பி வச்சு அனுப்பற சர்வர் வலை) க்ளவுட்ஃப்ரண்ட் போட்டா மாசம் முதல் 1 டிபி இலவசம், க்ளவுட்ஃப்ளேர் கம்பெனியோட ஸ்டோரேஜ் ஆர்2ல வச்சா வெளிய போறதுக்கு காசே கிடையாது, ஸ்டோரேஜும் ஜிபிக்கு மாசம் 0.015, எஸ்3ல 0.023.

உள்ளுக்குள்ள ஓடறதும் சும்மா இல்ல. ஒரே ரீஜியன்ல ஒரு அவைலபிலிட்டி ஜோன்ல (தனியா நிக்கற டேட்டா சென்டர் கொத்து) இருந்து இன்னொண்ணுக்குப் போனா ரெண்டு பக்கமும் ஜிபிக்கு 0.01. உள்ள இருக்கிற சர்வர் வெளிய போற வழியான நேட் கேட்வே மணிக்கு 0.045, அதுவழியா போற ஒவ்வொரு ஜிபிக்கும் இன்னொரு 0.045. ஒரே ரீஜியன்ல எஸ்3க்கும் ஈசி2வுக்கும் நடுவுல ட்ராஃபிக் இலவசம்னு நம்பி, சர்வரை ப்ரைவேட் சப்நெட்ல (வெளிய இருந்து எட்ட முடியாத உள் நெட்வொர்க்) வச்சுட்டு, எல்லாத்தையும் நேட் வழியா இழுக்கறவங்க எத்தனை பேர்! எஸ்3க்கு நேர் வழியா ஒரு கேட்வே எண்ட்பாயிண்ட் போட்டா அந்தச் செலவு மொத்தமா மிச்சமாயிடும், எண்ட்பாயிண்ட்டுக்குக் கட்டணமும் இல்ல.

சொந்தப் பெட்டிக்கு வருவோம். பேஸ்கேம்ப் சாஃப்ட்வேரை நடத்தற 37சிக்னல்ஸ் 2022 அக்டோபர்ல க்ளவுட்டை விட்டு வெளிய போறோம்னு அறிவிச்சாங்க, அந்த வருஷ க்ளவுட் பில் 32 லட்சம் டாலர், பதிலுக்கு ஏழு லட்சம் டாலர் அளவுக்கு டெல் சர்வர் வாங்கினாங்க. ஃபைல் சேமிக்கற சேவையான ட்ராப்பாக்ஸ் இன்னும் முன்னாடியே பெரும்பகுதி ஃபைல்களை அமேசான்ல இருந்து சொந்த ஸ்டோரேஜுக்கு நகர்த்திடுச்சு, 2018ல பங்குச் சந்தைக்கு வந்தப்போ தாக்கல் பண்ண ஆவணத்துல ரெண்டு வருஷத்துல செலவு 7.46 கோடி டாலர் குறைஞ்சதுன்னு காட்டினாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவானது என்னன்னா லோடு சீரா இருக்கும், அடுத்த வருஷம் எவ்ளோ வேணும்னு முன்னாடியே தெரியும், இரும்பைக் கையாளத் தெரிஞ்ச ஆளுங்க ஏற்கனவே கம்பெனிக்குள்ள இருந்தாங்க. மூணுல ஒண்ணு இல்லனாலும் அந்தக் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. நெட்ஃப்ளிக்ஸ் நேர் எதிர்த் திசைல போனாங்க, 2008ல டேட்டாபேஸ் கெட்டுப்போய் சில நாள் டிவிடி அனுப்ப முடியாம நின்னதுல இருந்து நகர ஆரம்பிச்சு 2016 ஜனவரில முடிச்சாங்க.

ஒரே பெட்டி எவ்ளோ தாங்கும்ங்கறதை நம்ம ரொம்பவே குறைச்சு எடை போடறோம். 2012லயே வாட்ஸ்அப் எர்லாங் லாங்வேஜும் ஃப்ரீபிஎஸ்டி ஓஎஸ்ஸும் வச்சு ஒரே சர்வர்ல 20 லட்சம் கனெக்ஷனைத் தாங்கிக் காட்டினாங்க. நம்ம ஆளுங்க ரெண்டாயிரம் யூசருக்கு ஆப்பைத் துண்டு துண்டா பிரிச்சு பன்னெண்டு மைக்ரோசர்வீஸ் போடறோம். ஆனா பெட்டியோட விலையோட செலவு நிக்காது, டிஸ்க் செத்தா மாத்த ஆள், ஸ்பேர் பாகம், இன்னொரு டேட்டா சென்டர்ல பேக்கப், ராத்திரி போன் எடுக்க முறை போட்டு வேலை பாக்கற ஒரு டீம். அந்தச் சம்பளத்தை ஷீட்ல ஒரு வரியாவது போடாம பாதி விலைன்னு சொல்றவங்களை நம்பாதீங்க.

நடுவுல அமேசானோட ப்ரைம் வீடியோ விஷயத்தையும் சொல்லிடறேன், ஏன்னா 2023ல இதை எல்லாரும் தப்பாவே பரப்பினாங்க. வீடியோ தரத்தைக் கண்காணிக்கற ஒரு டூலை ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் (வேலைகளைப் படிப்படியா கோத்து ஓட்டற சேவை), லாம்டான்னு பிரிச்சு எழுதியிருந்தாங்க, ஸ்ட்ரீமோட ஒவ்வொரு செகண்டுக்கும் பல ஸ்டேட் ட்ரான்சிஷன் (ஒரு படியில இருந்து அடுத்ததுக்குத் தாவறது), ஒவ்வொண்ணுக்கும் காசு, ஃப்ரேம் படங்களை எஸ்3 வழியா கைமாத்தினாங்க, அதுக்கும் காசு. எல்லாத்தையும் ஒரே ப்ராசஸ்குள்ள கொண்டு வந்ததும் செலவு 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சது. அமேசானே சர்வர்லெஸ்ஸைக் கைவிட்டுச்சுன்னு கிளப்பி விட்டாங்க, அது ஒரு டீமோட ஒரு டூல், அதுவும் அதே க்ளவுட்லதான் இன்னொரு வடிவத்துல ஓடுச்சு.

ஒரே க்ளவுட் கம்பெனிகிட்ட மாட்டிக்குவோமோங்கற பயத்துக்கு வந்தா, வெளியேறும்போது டேட்டா எடுத்துட்டுப் போற கட்டணத்தை 2024 தொடக்கத்துல கூகுளும் கொஞ்ச நாள்ல அமேசானும் தள்ளுபடி பண்ணிட்டாங்க. உண்மையான பூட்டு உங்க கோட்லதான் இருக்கு, அமேசானோட சொந்த டேட்டாபேஸ் டைனமோடிபிக்கு ஏத்த மாதிரி வடிவமைச்ச டேபிள், யாருக்கு என்ன அனுமதின்னு சொல்ற ஐஏஎம் பாலிசி, ஒரு ஈவென்ட் இன்னொண்ணைத் தட்டி எழுப்பற சங்கிலி. விர்ச்சுவல் மெஷின்ல போஸ்ட்கிரெஸ் ஓட்டறவங்க ஒரு வாரக் கடைசில இடம் மாறிடலாம். அதுக்காக மல்டி க்ளவுட்னு ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல ஓட்டறது பெரும்பாலும் ரெட்டைச் செலவு, ரெண்டுலயும் இருக்கிற சுமாரான வசதியை மட்டும் வச்சு வாழணும்.

அந்த 5 கோடி ரிக்வெஸ்ட் ஏபிஐ என் கைக்கு வந்தா ரெண்டு சாதாரண விர்ச்சுவல் மெஷின், க்ளவுட் கம்பெனியே பராமரிக்கற ஒரு மேனேஜ்டு போஸ்ட்கிரெஸ், படமெல்லாம் சிடிஎன் பின்னாடி, ரீசைஸ் பண்றதும் ராத்திரி ரிப்போர்ட்டும் சர்வர்லெஸ்ல, அவ்ளோதான். ட்ராஃபிக் ஆறு மாசம் சீரா இருந்தா சேவிங்ஸ் ப்ளான், ரெண்டு வருஷம் சீரா இருந்து கம்ப்யூட் பில் ஒரு ஆளோட சம்பளத்தைத் தாண்டினா அப்போ பெட்டி விலையை விசாரிப்பேன். முதல் நாளே பட்ஜெட் அலர்ட் வைப்பேன், ஆனா அது மெயில்தான் அனுப்பும், தானா எதையும் நிறுத்தாது, அதுவும் பில்லிங் டேட்டா சில மணி நேரம் லேட்டாத்தான் வரும். அதனால ஃபங்ஷனுக்கும் ஆட்டோ ஸ்கேலிங்குக்கும் உச்சவரம்பு நம்பரை அலர்ட்டுக்கு முன்னாடியே போட்டுடுவேன்.