சொட்டு மருந்தா, ஊசியா? போலியோவும் வேலூரும்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "ஏங்க்கா, காசு கட்டி மூணு ஊசியும் போட்டாச்சு. அப்புறம் எதுக்கு இந்தச் சொட்டு மருந்து வேற?" அவள் மாமியாருக்கு இதற்கு நேர் எதிர்க் கவலை. "சொட்டு போதும்மா, பச்சைப்புள்ளைக்கு ஊசி வேணாம்." ஒரே வீட்டில் இரண்டு கட்சி.

மாமியாரின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். அது எங்கள் வீட்டிலும் இருந்த பயம். குடியாத்தத்தில் இருந்தபோது அண்ணனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் கண்டது. யாரோ தொடையில் ஊசி போட்டார்கள். சில நாளில் அந்தக் கால் துவண்டுபோனது. "ஊசியாலதான் எம்புள்ள கால் போச்சு" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதை அறியாமை என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அம்மா சொன்னதில் உண்மை இருந்திருக்கிறது. போலியோ கிருமி உடம்புக்குள் புகுந்திருக்கும் நேரத்தில் தசையில் எந்த ஊசி குத்தினாலும், குத்திய காலில் வாதம் வரும் வாய்ப்பு கூடும். இது மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம். காலை முடக்கியது கிருமிதான். குத்தல் அதற்கு வழி விட்டது. இன்று அந்தக் கிருமி நம் தெருவில் இல்லை. போலியோ தடுப்பூசியில் இருப்பதோ செத்த கிருமி. அரசு மையத்தில் போடுவது தசைக்குக்கூடப் போவதில்லை, மேல்கையில் தோலுக்குள்தான் இறங்குகிறது. அந்தப் பழைய பயத்தை இந்த ஊசிமேல் ஏற்ற வேண்டியதில்லை.

சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமி. இரண்டு சொட்டு நாக்கில் விழுந்ததும் குடலில் போய்ப் பெருகி, அங்கேயே எதிர்ப்பை உண்டாக்கும். போலியோ மலம் வழியாகத்தான் பரவுகிறது. எனவே பரவும் வாசலையே சொட்டு மருந்து அடைக்கிறது. ஊசி இரத்தத்தில் எதிர்ப்பை உண்டாக்கி நரம்பைக் காக்கும். ஊசி போட்ட குழந்தைக்குக் கால் முடங்காது. ஆனால் கிருமி அதன் குடலில் சத்தமில்லாமல் குடியிருந்துவிட்டு அடுத்த குழந்தைக்குப் போகலாம். 2013இல் இஸ்ரேலில் இதுதான் நடந்தது. 2005 முதல் ஊசி மட்டுமே போட்டுவந்த நாடு. சாக்கடை நீரில் போலியோ கிருமி கிடைத்தது. ஒரு குழந்தைக்கும் வாதம் வரவில்லை. பரவலை நிறுத்த அவர்கள் மறுபடி சொட்டு மருந்தைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் சொட்டே போதுமா என்றால், போதாது என்று முதலில் சொன்ன ஊர்களில் வேலூரும் ஒன்று. இங்குள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் வைரஸ் ஆய்வு செய்துவந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே எச்சரித்தார். பணக்கார நாடுகளில் மூன்று தவணை சொட்டு மருந்து கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் வேலை செய்தது. போலியோ கிருமியில் மூன்று வகை உண்டு. இங்கே முதல், மூன்றாம் வகைகளுக்கு எதிராக ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்குத்தான் பலன் கிடைத்தது. ஒன்றும் தராத ஏமாற்று மருந்தல்ல அது; நம் குழந்தைகளின் குடலில் ஏற்கெனவே வேறு கிருமிகள் இடம் பிடித்திருந்தது ஒரு காரணம். ஒரு வழி, தவணைகளைக் கூட்டுவது. இன்னொரு வழி, ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கொடுப்பது. அந்த இரண்டாவது வழியை வேலூர் நகரத்தில் செய்து பார்த்து, வாதத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்று 1983இல் எழுதினார்கள். 1995இல் நாடு முழுக்கப் பல்ஸ் போலியோ வந்தது. பழைய பஸ் ஸ்டாண்டில் பேருந்துக்குள் ஏறிக் குழந்தைகளைத் தேடி, சுண்டுவிரலில் மை வைத்து அனுப்பிய அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

சொட்டு மருந்தின் குறையையும் மறைக்கக் கூடாது. மிக அரிதாக, ஏறத்தாழ 27 லட்சம் தவணைக்கு ஒன்று என்ற கணக்கில், அந்த மருந்துக் கிருமியே வாதத்தை உண்டாக்கும். தடுப்பூசி போடாதவர்கள் நிறைந்த இடத்தில் அது ஆளுக்கு ஆள் சுற்றி, மாறி, பழைய வீரியத்தைத் திரும்பப் பெறுவதும் உண்டு. 2022இல் நியூயார்க் அருகே ஊசி போடாத ஓர் இளைஞரின் கால்களை முடக்கியது இப்படிப்பட்ட கிருமிதான். இந்த ஆபத்தில் பெரும்பங்கு இரண்டாம் வகைக்கு என்பதால், 2016 ஏப்ரலில் அந்த வகையைச் சொட்டு மருந்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். இன்று இரண்டாம் வகைக்கு நம் குழந்தைக்கு இருக்கும் ஒரே காப்பு ஊசி. மாமியார் கட்சி இங்கேதான் தோற்கிறது.

வெயில் விஷயத்தில் இரண்டும் எதிரெதிர். சொட்டு மருந்துக்குச் சூடு ஆகாது. வேலூர் கத்திரியில் ஐஸ் பெட்டி இல்லாமல் அது தாங்காது. குப்பி லேபிளில் ஒரு வட்டமும் உள்ளே சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிர் நிறமாக இருக்கும்வரை கொடுக்கலாம். ஊசி மருந்து உறைந்தால் கெட்டுவிடும்.

காசு கட்டிப் போடும் ஊசியில் அரை மில்லி முழு அளவு, மூன்று தவணை. அரசு மையத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு: ஆறாவது, பதினான்காவது வாரங்களில், பிறகு ஒன்பதாம் மாதத்தில். முழு அளவு மூன்றும் போட்டால் இரத்தத்தில் எதிர்ப்பு கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அரசு மையத்துக் குழந்தைக்குப் பிறந்த அன்றும், ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களிலும் சொட்டும் கிடைக்கிறது. கையில் காசு இல்லையே என்று எந்தத் தாயும் குன்ற வேண்டாம் என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் வேலூரிலேயே விடை உண்டு. ஏற்கெனவே சொட்டு மருந்து வாங்கிய, 1 முதல் 4 வயதுவரையிலான 450 குழந்தைகளில் பாதிப்பேருக்கு சி.எம்.சி. ஆய்வாளர்கள் ஓர் ஊசி போட்டார்கள். ஆய்வு 2014இல் வெளிவந்தது. பிறகு எல்லோருக்கும் சொட்டு கொடுத்து மலத்தைச் சோதித்தபோது, ஊசி போட்டவர்களிடம் கிருமி வெளியேறுவது குறைந்திருந்தது. குடலில் சொட்டு போட்ட அடித்தளத்தை ஊசி இன்னும் பலப்படுத்துகிறது.

ஆகவே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னது இது: "ஊசி போட்டது நல்லதும்மா. முகாம் அன்னிக்குச் சொட்டும் குடு. புள்ளைக்குப் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைன்னு டாக்டர் சொல்லியிருந்தா மட்டும் சொட்டு வேணாம், ஊசியோட நிறுத்திக்கோ." மாமியாரிடம் கேட்டது ஒன்றுதான். மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒன்பது மாதம் முடிகிறது. அட்டையில் மூன்றாவது ஊசிக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். 2023 தொடக்கத்தில் சேர்த்த தவணை அது, மூத்த பேரனுக்கு இருந்திருக்காது. உள்ளே போய் அட்டையை எடுத்துவந்தார். காலியாகத்தான் இருந்தது.