சீட் பெல்ட்டா, கோரஸா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பக்கக் கல்யாண வரவேற்பில் இசைக்குழு வாசிக்க இரண்டு பழைய ராக் பாட்டுகள் போட்டியில் இருந்து, ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், எங்கள் ஓட்டு அமெரிக்க ராக் பாடகர் சக் பெர்ரியின் 'நோ பர்ட்டிகுலர் பிளேஸ் டு கோ'வுக்கு. 1964இல் வந்தது. காதலியோடு காரில் போனவன் நிலா வெளிச்சத்தில் இறங்கி நடக்கலாம் என்று பார்த்தால், அவளுடைய சீட் பெல்ட் கழல மாட்டேன் என்கிறது. பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாள அளவு கொண்ட ஒரே சுற்று திரும்பத் திரும்ப வரும் அமைப்பு; மூன்று நிமிடம்கூட ஆகாது. பாடகர் ஒரு வரி பாட, கிட்டார் பதில் சொல்லும். பாடும் வரியின்மேலே டிரம்மர் கைவரிசை காட்டினால் சொல் காதில் விழாது, ஜோக் செத்தது. பெல்ட் வரி வரும்போது வாத்தியங்களை அடக்குங்கள். வேகமும் கூடாது.

போட்டிக்கு நிற்பது, ஆங்கிலேய ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் 1969 பாட்டு 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்' . இது புத்தி சொல்கிற ரகம்: ஆசைப்பட்டதெல்லாம் கிடைக்காது, முயன்றால் தேவையானது கிடைக்கலாம். இசைத்தட்டில் ஏழு நிமிடத்துக்கு மேல், தொடக்கத்தில் லண்டன் பாக் கொயர் என்ற பாடகர் குழு பாடும். உங்களிடம் பாடகர் குழு இல்லையென்றால் நேராகக் கிட்டாரில் தொடங்கி நான்கு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். கோரஸ் சுலபம், மாமாக்களும் சேர்ந்து பாடுவார்கள். ஆனால் மணமேடைக்கு எதிரே அதைப் பாடினால் சம்பந்தி வீட்டார் எப்படி எடுத்துக்கொள்வார்களோ! பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பியபின் வாசிக்கலாம்.