பழ ஈ – எத்தனால் சோதனைப் பெட்டி: பினாங்கு வெயிலுக்குத் தாங்குமா?

எத்தனால் எனும் சாராயத்தின் ஆவியில் பழ ஈக்கள் எவ்வளவு நேரத்தில் மயங்கும் என்று அளக்கும் பெட்டி இது; இடைநிலைப்பள்ளி அறிவியல் மன்றங்களுக்கு ஏற்றதுதான். குப்பிகள் தெளிவு, பஞ்சு மூடிகள் இறுக்கம். சறுக்குவது கையேடு: கரியமில வாயுவில் மயக்கிய ஈக்களை உடனே சோதிக்கச் சொல்கிறது. ஒரு நாள் விடவேண்டும், இல்லையேல் எந்த மயக்கத்தை அளக்கிறோம் என்றே தெரியாது.

குப்பிக்கு 10 ஆண் ஈக்கள், மூடியின் உட்புறம் 50 விழுக்காடு எத்தனால் 1 மில்லி. சொட்டக்கூடாது, நனைந்த ஈ கணக்கில் சேராது. 5 நிமிடத்துக்கொருமுறை தட்டிப் பாருங்கள். முதலில் துறுதுறுவென ஓடும், பிறகு தள்ளாடும், கடைசியில் மல்லாந்து கால்களை மட்டும் உதறும். ஒப்பிட்டுப் பார்க்க, மூடியில் எத்தனாலுக்குப் பதில் தண்ணீர் நனைத்த குப்பி ஒன்றும் பக்கத்தில் கட்டாயம் வேண்டும்.

எத்தனாலுக்குப் பதில் ஐசோபுரோபைல் எனும் வேறு வகை ஆல்கஹால் கலந்த கைத்தூய்மி வேண்டவே வேண்டாம். ஈயின் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் நொதி எத்தனாலை அசிட்டால்டிஹைடாக்கும். அது அசிடேட்டாகி ஆற்றலுக்கும் கொழுப்புக்கும் போகும். ஐசோபுரோபைலோ அசிட்டோனாக மாறித் தேங்கி, அந்த நொதியையே முடக்கும்.

வளர்ப்புக்கு 25 டிகிரி. 30-ஐத் தொட்டால் ஆண் ஈக்கள் மலடாகும். மதிய வெக்கையில் எத்தனால் வேகமாக ஆவியாவதால், காலை முடிவோடு ஒப்பிட முடியாது. ஏர்கோன் அறை இல்லாத பள்ளி இதை வாங்க வேண்டாம்.