சவரக்கத்திக்குத் துருக் காப்பு: எந்த எண்ணெய், எந்த டப்பா?

மடக்குச் சவரக்கத்திக்காக விலையுயர்ந்த எண்ணெய் தேடுகிறவர்கள் முதலில் ஒரு நல்ல காற்றுப்புகாத டப்பா வாங்கட்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கம் ஐப்பசி மழையில் குளியலறைச் சுவரே வியர்க்கும். அங்கே எண்ணெய் மட்டும் தனியாக நின்று எதையும் காப்பாற்றாது. இந்த மதிப்பீடு கார்பன் ஸ்டீல் அலகுக்கும், தினசரிச் சவரத்துக்கும், கழிப்பறையோடு சேர்ந்த சின்னக் குளியலறைக்கும் பொருந்தும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் ஸோலிங்கன் ஊர்க் கத்திகளில் பெரும்பாலானவை கார்பன் ஸ்டீல்தான். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். உப்புக்காற்று இருந்தாலோ, போர் தண்ணீரில் கழுவினாலோ அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். அலகின் பக்கவாட்டில் பழுப்புப் புள்ளி தெரிகிறபோது விளிம்பு ஏற்கெனவே கெட்டிருக்கும். விளிம்பின் நுனி ஒரு மைக்ரானைவிட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லியது என்பதால் அங்கே அரித்தால் கண்ணுக்குத் தெரியாது, முடியைப் பிடித்து இழுக்கிறபோதுதான் தெரியும். பலரும் தீட்டினது சரியில்லை என்று நினைத்துக் கல்லை எடுத்துவிடுவார்கள்.

எண்ணெய்களில் எங்கள் முதல் தேர்வு மருந்துக்கடை லிக்விட் பாரஃபின். காறாது, பிசுபிசுக்காது, வாடை கிடையாது, முகத்தில் பட்டாலும் பரவாயில்லை. அலகின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 2 சொட்டு போதும், அதற்குமேல் விட்டால் கைப்பிடிக்குள் வழிந்து தூசி சேர்க்கும். தையல் மெஷின் எண்ணெயும் இதே குடும்பம்தான். அது காக்கும், ஆனால் தோலில் படுகிற பொருளுக்கு மருந்துத் தரமே மேல். ஜப்பானியக் காமெலியா எண்ணெய் நல்ல பொருள், மறுப்பில்லை. தினமும் துடைத்து எடுக்கப்போகிற கத்திக்கு அந்த விலை கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு ஆகும், நாள்பட்டால் சிக்கு வாடை வரும். நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம். காற்றுப்பட்டு மெல்லக் கெட்டியாகி, அலகையும் கைப்பிடியையும் இணைக்கிற ஆணி மூட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். டபிள்யூடி-40 ஸ்ப்ரே மூட்டுக்குள் புகுந்த தண்ணீரை வெளியே தள்ள உதவும், ஆனால் அது விட்டுப்போகிற படலம் மெல்லியது. அடித்துவிட்டு அப்படியே மாதக்கணக்கில் வைக்கக் கூடாது.

டப்பாவுக்கு வருவோம். 1 லிட்டர் டப்பா, ரப்பர் வளையம் வைத்த மூடி, ஈரம் உறிஞ்சுகிற ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் மணிகள் 50 கிராம். ஈரம் ஏறினால் மணிகள் பச்சையாகும். ஓவனில் 120 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். 30 டிகிரி வெயிலில் 1 லிட்டர் காற்று முழுக்க ஈரம் குடித்திருந்தாலும் அதில் இருக்கும் தண்ணீர் சுமார் 30 மில்லிகிராம்தான், ஜெல்லுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆணி மூட்டில் தங்குகிற ஒரே ஒரு சொட்டு 50 மில்லிகிராம். ஈரக் கத்தியை உள்ளே வைத்து மூடினால், ஜெல் அதை மெல்ல உறிஞ்சி முடிக்கும்வரை மூட்டு ஈரமாகவே இருக்கும். செருப்புப் பெட்டியோடு வருகிற பொட்டலங்களை நம்ப வேண்டாம், அவை கடையிலேயே ஈரம் குடித்து முடித்திருக்கும்.

ஆகவே உலர்த்துவதில்தான் கவனம் வேண்டும். கழுவும்போது அலகை மட்டும் நனையுங்கள், மூட்டு நனையக் கூடாது. முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். எதிர்த்திசையில் துடைத்தால் விரலும் போகும், விளிம்பும் போகும். டிஷ்யூவின் ஒரு மூலையை முறுக்கிக் கைப்பிடியின் இரண்டு தகடுகளுக்கும் இடையில் விட்டு, ஆணி வரை ஓட்டி எடுங்கள். வெளியே வரும்போது அது நனைந்திருந்தால் இன்னொரு முறை. பிறகு கித்தான் வாரில் (கத்தியை இழுத்துப் பதப்படுத்துகிற துணிப்பட்டை) 10 இழுப்பு. தோல் வாரை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். குளியலறைக்கு வெளியே ஃபேன் காற்றில் பாதி திறந்த நிலையில் அரை மணி நேரம் விட்டு, எண்ணெய் தடவி, அதன்பிறகு டப்பா. மறுநாள் தோல் வாரில் தீட்டுமுன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

அலமாரிகளில் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சிப் பைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. உறிஞ்சிய ஈரம் உப்புத் தண்ணீராக அடியில் தேங்கும்; கத்தி வைக்கிற டப்பாவுக்குள் அது கூடாது. தோல் உறையும் சேமிப்புக்கு ஆகாது, பயணத்துக்கு மட்டும்.

பலரும் கவனிக்காதது கழிப்பறை ஆசிட். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கிளீனரை ஊற்றிக் கதவைச் சாத்தினால், அந்த ஆவியே குழாய், கீல், கத்தி எல்லாவற்றையும் தின்றுவிடும். எண்ணெய் தடவின கத்தியும் தப்பாது. சுத்தம் செய்கிற அன்று டப்பாவையே வெளியே எடுத்து வையுங்கள்.

விசிஐ தாள், அதாவது துருத்தடுப்பு ஆவி விடுகிற தாள், மாதக்கணக்கில் எடுக்காத கத்திகளுக்கு அருமை. தினமும் திறக்கிற டப்பாவில் அதன் ஆவி தங்காது, காசுதான் வீண். பழைய கத்தியில் செல்லுலாய்டு (பழைய வகைப் பிளாஸ்டிக்) கைப்பிடி இருந்தால் அதை மூடின டப்பாவில் வைக்கவே கூடாது. செல்லுலாய்டு சிதையும்போது நைட்ரிக் அமில ஆவி வரும், பக்கத்தில் இருக்கிற நல்ல கத்திகளும் துருப்பிடிக்கும். அதைத் தனியாக, காற்றோட்டமான இடத்தில், பாரஃபின் தடவி வையுங்கள்.